குறிப்பில் இருந்த பாறை

விமானம் புறப்பட முப்பத்தொன்பது நாட்களும் இருபத்துமூன்று மணித்தியாலங்களும் இருந்தபோது, பாறை ஏறுவது என்னுடைய பொழுதுபோக்கு என்பது எனக்குத் தெரியவந்தது.

அன்று சனிக்கிழமை. மொன்றியலின் புறநகரான பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார். வெளியே மைனஸ் பத்தொன்பது. அப்பா காருக்கு மேலிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை வீட்டார் ஓமெண்டிட்டினம்,” என்றார் அம்மா. “பெப்ரவரியிலை போறது.”

“எங்கை?”

“பாலைவனத்துக்கு. கலிபோர்னியாவிலையாம். டென்ற் அடிச்சுத் தங்கி, பாறை ஏறுறது. உனக்கும் அது விருப்பமெண்டு உன்ரை குறிப்பிலை இருக்குத்தானே.”

கலியாணத்துக்காக என்னைப்பற்றி எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பிய குறிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மா கையைத் துடைத்துவிட்டுப் போனில் எடுத்துக் காட்டினார். பெயர் நிருஷா. வயது இருபத்தைந்து. நட்சத்திரம் பூரட்டாதி. நுண்ணுயிரியல் பட்டதாரி. கனேடியப் பிரஜை. உயரம் ஐந்தடி நாலங்குலம். நான் ஐந்தடி இரண்டு. பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘பாறை ஏறுதல், கூடாரமடித்துத் தங்குதல்’ என்று இருந்தது.

“அம்மா, நான் கதிரையிலை ஏறி பல்ப் மாத்தவே பயப்பிடுறனான்.”

“பொடியன்ரை குறிப்பிலை அப்பிடி இருந்தது. சாதகம் அறுபத்தொரு வீதந்தான் பொருந்துது. வேறை வழியிலை கொஞ்சம் ஏத்துவம் எண்டு பாத்தன்.”

“அறுபத்தொண்டு பாஸ்தானே.”

“பாஸ்தான். ஆனால் அவைக்கு லவாலிலை இருந்து இன்னொரு பிள்ளையின்ரை சாதகம் எழுபத்திரண்டிலை வந்திருக்காம்.”

தோசையைத் திருப்பிப் போட்டார். “நாற்பது நாள் கிடக்கு. பழகு. கார் ஓடப் பழகினனி தானே.”

பையனின் பெயர் பிருந்தன். வயது இருபத்தொன்பது. வீடு ரொக்ஸ்பரோவில். எங்கள் வீட்டிலிருந்து காரில் எட்டு நிமிடம், சிவப்பு விளக்கு விழுந்தால் பத்து. எட்டு நிமிடத் தூரத்தில் இருக்கும் ஒருவரைச் சந்திக்க நாலாயிரம் கிலோமீற்றர் போவதன் நியாயத்தைப் பேரின்பநாதன் மாமா எனக்கு விளங்கப்படுத்தினார். அவர் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். இதுவரை பதினாலு கலியாணம் பேசி ஒப்பேற்றியிருக்கிறார். அதில் பன்னிரண்டு இன்னும் இருக்கின்றன.

“மொன்றியலிலை எங்கை சந்திச்சாலும் எங்கட சனம் ஒண்டு பாக்கும், பிள்ளை. பாத்தாப் பிறகு பேச்சு முறிஞ்சுதெண்டு வை, உன்ரை பேர்தான் கெடும். போன வருசம் ரெண்டு பேர் டவுன்டவுனிலை ஒரு மூண்டாம் மாடியிலை இருந்து கோப்பி குடிச்சினம். அவை கப்பைக் கீழை வைக்க முதல் ரொறன்ரோவிலை இருந்து எனக்குக் கோல் வந்திட்டுது.”

“பாலைவனத்திலை?”

“அங்கை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நான் விசாரிச்சிட்டன்.”

துணைக்கு அவர் வருவதாக முடிவாகியிருந்தது.

டவுன்டவுனில் பழைய தையல் தொழிற்சாலை ஒன்றைச் செயற்கைப் பாறைகள் பொருத்திய பயிற்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். கிழமைக்கு மூன்று மாலை, பஸ்ஸும் மெத்ரோவுமாக ஒன்றேகால் மணித்தியாலம் பயணம் செய்து அங்கே போனேன். மோட் என்ற பெண் பழக்கினாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். என் பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு ‘நீரு’ என்று நிறுத்திக்கொண்டாள்.

சுவரின் உயரம் பதினாலு மீற்றர். நாலு மீற்றர்வரை நான் ஏறுவேன். அதற்குமேல் கைகள் என் சொல் கேட்பதில்லை. பதினேழு முறை முயன்று ஒவ்வொரு முறையும் உயரத்தைக் குறித்து வைத்தேன். கூடியதற்கும் குறைந்ததற்கும் வித்தியாசம் இருபது சென்ரிமீற்றர். ஆய்வுகூடத்தில் இவ்வளவு ஒத்துவரும் முடிவு கிடைத்தால் சந்தோசப்பட்டிருப்பேன்.

ஆனால் கயிறு பிடிக்க எனக்கு வந்தது. ஏறுகிறவரின் இடுப்புப் பட்டியில் கட்டிய கயிறு சுவரின் உச்சிக்குப் போய், அங்கே ஒரு வளையத்துக்குள்ளால் திரும்பி, கீழே நிற்பவரின் கைக்கு வரும். ஏறுகிறவர் தவறினால் தாங்கவேண்டியது கீழே நிற்பவர்தான். அவருக்கு வேண்டியது வாயை மூடிக்கொண்டு கவனமாகப் பார்த்துக்கொண்டு நிற்கும் குணம். சென்-லோரனில் ஓர் ஆய்வுகூடத்தில் நாள் முழுக்கத் தயிரில் கிருமி எண்ணுகிற எனக்கு அது புதிதல்ல.

மோட் இரண்டு விதிகள் சொல்லித்தந்தாள். ஏறுமுன் மற்றவரின் முடிச்சையும் பட்டியையும் கண்ணால் மட்டும் பாராமல் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். இது முதலாவது. ஏறுகிறவர் “சரியா?” என்று கேட்பார், கீழே நிற்பவர் “சரி” என்று கத்திச் சொல்லும்வரை ஒரு காலைக்கூட நிலத்திலிருந்து எடுக்கக்கூடாது. இது இரண்டாவது.

பரீட்சையில் நான் இரண்டு முறை தவறினேன். இரண்டு முறையும் குரலுக்காக.

“கேட்கவில்லை, நீரு,” என்றாள் மோட், சுவரில் நின்றபடி. “பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்கவில்லை.”

மூன்றாம் முறை அவள் இரக்கப்பட்டுப் பரீட்சையில் சித்தி தந்தாள் என்றுதான் நினைக்கிறேன். என் படம் ஒட்டிய சிறிய அட்டை ஒன்றும் தந்தார்கள். கயிறு பிடிக்க எனக்குத் தகுதி உண்டு என்று அதில் பிரெஞ்சில் இருந்தது. ஏறுவதைப்பற்றி ஒன்றும் இல்லை.

புறப்பட்ட காலை மைனஸ் இருபத்திரண்டு. அப்பாதான் விமான நிலையத்துக்குக் கார் ஓடினார். வாசலில் இறங்கியதும் மாமா தன் தடித்த ஜக்கற்றைக் கழற்றிக் காருக்குள் எறிந்தார்.

“கழட்டு, பிள்ளை. பாலைவனத்துக்கு ஆரும் விண்டர் ஜக்கற் கொண்டு போவினமோ? கண்டால் சிரிப்பாங்கள்.”

பிருந்தன் ஏற்கெனவே அங்கே மெல்லிய மேற்சட்டையோடு நின்றார். தலையைக் குனிந்து “ஹாய்” என்றார். நானும் குனிந்து “ஹாய்” என்றேன். எங்கள் முதற் சந்திப்பு அவ்வளவுதான். இரவிச்சந்திரன் என்று தன் பெயரைச் சொல்லி அப்பா அவருக்குக் கை கொடுத்தார். எங்கள் இரண்டு ஜக்கற்றுகளும் அப்பாவோடு பியர்பொன்ட்ஸுக்குத் திரும்பிப் போயின. காருக்குள் ஹீற்றர் போட்டிருந்தது.

லொஸ் ஏஞ்சலிஸில் இறங்கி வாடகைக் காரில் மூன்று மணித்தியாலம் ஓடினால் ஜோசுவா ட்ரீ என்ற பாலைவனப் பூங்கா. பிருந்தன் ஓட்டினார், மாமா முன்னால் இருந்தார், றைஸ் குக்கரும் நானும் பின்னால். கூடாரத்தில் மின்சாரம் இருக்காது என்று ஒருவருக்கும் மாமாவிடம் சொல்ல மனம் வரவில்லை. அம்மா தந்த பருத்தித்துறை வடை ஐந்து பை இருந்தது.

அந்தப் பூங்காவில் பாறைகள் யாரோ லொறியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனதுபோல் குவியல் குவியலாகக் கிடந்தன. இடையிடையே பூங்காவுக்குப் பெயர் தந்த விசித்திர மரங்கள், கிளைகளை மேலே தூக்கியபடி.

மாமா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஊரிலை ஆமி செக்பொயின்ரிலை இறக்கிவிட்ட சனம் மாதிரியெல்லோ நிக்குது,” என்று சொல்லிச் சிரித்தார். பிறகு தன் பக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

ஐந்தரைக்குச் சூரியன் விழுந்தது. ஆறு மணிக்கு எனக்குப் பல் கிட்டியது. பகலில் பதினாறு பாகை இருந்த இடம் பூச்சியத்துக்கு வந்து அங்கேயும் நிற்கவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் கொலராடோவிலிருந்து வந்த ஒரு நடுவயதுத் தம்பதி, தலையணை மாதிரி உப்பிய ஜக்கற்றுகளோடு சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார்கள். மொன்றியல் என்றோம்.

“அப்படியானால் உங்களுக்கு இதெல்லாம் ஒரு குளிரா?” என்றார் அந்த மனிதர்.

“இதெல்லாம் ஒரு குளிரோ,” என்றார் மாமா, கைகளைக் கக்கத்துக்குள் செருகியபடி.

முப்பது வருடம் மொன்றியலில் இருந்தும் நாங்கள் குளிரில் வாழ்ந்ததில்லை. குளிருக்குப் பக்கத்தில் வாழ்ந்திருக்கிறோம். வீட்டில் ஹீற்றர், காரில் ஹீற்றர், மெத்ரோவில் சனத்தின் மூச்சு. இடையில் இருப்பது ஐம்பது அடி நடை. அந்த ஐம்பது அடிக்குத்தான் அவ்வளவு பெரிய ஜக்கற்.

கூடாரம் இரண்டு. ஒன்று எனக்கு, மற்றது அவர்கள் இருவருக்கும். ஏழு வருடமாகக் கூடாரம் அடிப்பவர் என்று குறிப்பில் இருந்த பிருந்தன், போனில் இறக்கி வைத்திருந்த வீடியோவை மூன்று முறை பார்த்து ஒன்றரை மணித்தியாலத்தில் இரண்டையும் அடித்து முடித்தார். “இது புது மொடல்,” என்றார். நான் ஓம் என்றேன். பிறகு அவர் காஸ் அடுப்பில் கேத்தில் வைத்துத் தண்ணீர் கொதிக்கவைத்து, ஒரு போத்தலில் ஊற்றி, கம்பளிக் காலுறைக்குள் போட்டு என்னிடம் நீட்டினார்.

“படுக்கேக்கை காலுக்குள்ளை வையுங்கோ. சூடு நிக்கும்.”

“உங்களுக்கு?”

“மாமா இருக்கிறார்தானே,” என்றார். அது பகிடி என்று எனக்குக் கூடாரத்துக்குள் போன பிறகுதான் விளங்கியது. தனியே இருந்து சிரித்தேன்.

காலையில் வெளியே வைத்த தண்ணீர் உறைந்திருந்தது. அதற்குமேல் மெல்லிய தூறல். பிருந்தன் பாறை ஒன்றைத் தடவிப் பார்த்து, விரல்களை உரசி, தலையாட்டினார்.

“ஈரம். ஈரப் பாறையிலை ஏறக்கூடாது. உடையும்.”

நான் இந்த நாற்பது நாட்களில் மூன்று புத்தகம் வாசித்திருந்தேன். ஈரத்தில் உடைவது மணற்கல். எங்கள் முன்னால் நின்றது கருங்கல். அது மழையில் பத்துக் கோடி வருடமாக நனைந்துகொண்டிருக்கிறது.

“ஓம்,” என்றேன். “உடையும். பேந்து பாப்பம்.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டோம். அது வெள்ளையாக வெளியே வந்தபடியால் மறைக்க முடியவில்லை.

ஏறாத நாளில் நடந்தோம். முன்னால் நாங்கள், ஐம்பது அடி பின்னால் வடைப் பையோடு மாமா. பிருந்தன் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைச் சாயம் பூசிக் கண்டுபிடிப்பது வேலை.

“உங்கட வேலையிலை ஒரு பிழை விட்டால் என்ன நடக்கும்?” என்று கேட்டார்.

“கொஞ்சச் சனத்துக்கு வயித்தாலை போகும். உங்கட வேலையிலை?”

அவர் வானத்தைக் காட்டினார். மேலே ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது. “அது எங்கட பாகம் இல்லை எண்டு நினைக்கிறன்.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பின்னாலிருந்து மாமா “ஆ!” என்று சந்தோசமாகச் சத்தமிட்டார்.

நடந்ததைச் சொல்வதென்றால் இவ்வளவுதான். அவர் அதிகம் பேசுவதில்லை. பேசாத நேரத்தில் என்னைப் பேசச் சொல்லியும் கேட்பதில்லை. கல்லுக் குறுக்கே வந்தால் கை நீட்டுவார். பிடிக்காவிட்டால் கையைத் தன் பாட்டில் மடக்கிக்கொள்வார். சாதகம் பார்த்தவர் எங்கேயோ கணக்கில் விட்டுவிட்டார், அறுபத்தொன்று குறைவு என்று எனக்குப் பட்டது. லவாலில் இருக்கும் எழுபத்திரண்டு வீதப் பிள்ளையை நினைத்தேன். அவளுக்கு ஏறத் தெரியுமோ என்னவோ.

சனிக்கிழமை வெயில் எறித்தது. பாறை காய்ந்துவிட்டது. ஈரம் என்று சொல்ல அவருக்கு வழியில்லை, ஆகவே என் முறை.

“எனக்கு விரல் நோகுது. நரம்பு இழுத்திட்டுது போல.”

“ஐயோ, அப்ப வேண்டாம்,” என்றார். நான் முடிக்கவே விடவில்லை. “விரல்தான் முக்கியம். ரெண்டு நாள் அசைக்கவே கூடாது.” தன் பையைத் திறந்து விரலுக்குச் சுற்றும் நாடாவைத் தேடினார். பையிலிருந்து அவருடைய ஏறும் சப்பாத்துகள் விழுந்தன. ஒன்றின் அடியில் விலைச்சீட்டு இருந்தது. இடுப்புப் பட்டி கடையில் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது.

ஈரக் கருங்கல் ஒன்று. கூடார வீடியோ இரண்டு. விலைச்சீட்டு மூன்று. ஆய்வுகூடத்தில் மூன்று முறை ஒரே விடை வந்தால் கையெழுத்து வைத்துவிடலாம். நான் வைக்கவில்லை. வைத்தால் என்னுடைய பொய்க்கும் வைக்கவேண்டும்.

அன்று பின்னேரம் அடுப்படியில் இருவரும் இருந்தபோது அவர் தேத்தண்ணிக் கோப்பையை உருட்டிக்கொண்டே, “நிருஷா, ஒரு விசயம் சொல்லவேணும்,” என்றார்.

“சொல்லுங்கோ.”

“இந்தக் குறிப்பிலை…”

“சிக்னல்!” பாறைக்கு மேலிருந்து மாமா கத்தினார். இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தார். “சிக்னல் இருக்குது, பிள்ளையள்! இந்தக் கல்லுக்கு மேலை ரெண்டு கோடு நிக்குது!”

அவர் இறங்கி வந்து எங்களுக்கு நடுவில் இருந்தார். இரண்டு அம்மாமாரும் சேர்ந்து எழுபத்தாறு செய்தி அனுப்பியிருந்தார்கள். மூன்று நாளாக ஒரு படமும் இல்லை, ஏறினார்களா இல்லையா, எவ்வளவு உயரம், பிள்ளையின் முகம் கறுத்துவிட்டதா.

“நாளைக்கு ஏறவேணும்,” என்றார் மாமா. “வீடியோ கோலிலை காட்டுறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன். ரெண்டு வீட்டாரும் ரொக்ஸ்பரோவிலை கூடியிருந்து பாப்பினம். பிள்ளை, உன்ரை அம்மா வடை சுட்டுக்கொண்டு போறா.”

பிருந்தன் கோப்பையை வைத்தார். சொல்லவந்த விசயத்தை மறுபடி எடுக்கவில்லை.

ஞாயிறு காலை பதினொரு மணி. கொலராடோத் தம்பதி தங்கள் பாறையில் கயிறு தொங்கவிட்டு இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு, சாப்பிடக் கூப்பிடு தூரத்திலிருந்த தங்கள் கூடாரத்துக்குப் போயிருந்தார்கள். அவர்கள் சாப்பிட்டு வரும்வரை அந்தக் கயிற்றை எங்களுக்குத் தரும்படி மாமா கேட்டிருந்தார். அவர்களும் சந்தோசமாக ஓம் என்றிருந்தார்கள். மொன்றியலிலிருந்து வந்தவர்கள், ஏழு வருட அனுபவம் உள்ளவர்கள் என்று மாமா அவர்களிடமும் சொல்லிவிட்டார்.

பாறை பதினெட்டு மீற்றர். நான் கண்ணால் அளந்தேன். என் நாலு மீற்றர் எதுவரை வரும் என்று பார்த்தேன். ஒரு சின்னப் பற்றைக்குச் சற்று மேலே.

மாமா போனை எதிரே, நேற்றுச் சிக்னல் கிடைத்த கல்லின்மேல் சாய்த்து நிறுத்தினார். திரையில் ஒரு சோபா, அதில் நெருக்கியடித்து ஆறு பேர். நடுவில் என் அம்மாவும் பிருந்தனின் அம்மாவும். ஓரத்தில் அப்பாவின் அரை முகம்.

“தெரியுதோ, புஷ்பம்?” என்று மாமா அம்மாவைக் கேட்டார்.

“தெரியுது அண்ணை. வடிவாத் தெரியுது. பிள்ளை, ஏன் மெலிஞ்சு போனாய்?”

“தம்பி, தொப்பி போடு!” இது அவருடைய அம்மா.

பிருந்தன் என் பக்கம் திரும்பினார். முகத்தில் நிறமில்லை. “உங்களுக்கு விரல் ஏலாது. நான் ஏறுறன். நீங்கள் கீழை நிண்டு கயித்தைப் பிடியுங்கோ, காணும்.”

என் விரலுக்காகச் சொன்னார். இல்லாத நோவுக்காக அவர் அந்தப் பாறையில் ஏறப்போகிறார்.

அவர் கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டார். எட்டு வடிவ முடிச்சு. வீடியோவைப் பார்த்து எத்தனை முறை பழகினாரோ, மோட் போடுவதைவிட ஒழுங்காக இருந்தது. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இறுக்கமாக. நானும் என் பட்டியில் கயிறு பிடிக்கும் கருவியைக் கொழுவிக்கொண்டேன். பிறகு முதலாவது விதிப்படி அவருடைய முடிச்சைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன்.

முடிச்சில் பிழை இல்லை. அது இருந்த இடந்தான் பிழை. இடுப்புப் பட்டியின் முன்பக்கம், தொப்புளுக்கு நேரே, ஆளைத் தாங்குவதற்கென்று இரண்டு தடித்த வளையங்கள் உண்டு. பக்கவாட்டில் சாமான் கொழுவ மெல்லிய வளையங்கள் உண்டு. அவை ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தாங்கும், வீட்டுத் திறப்புக் கோர்வையைத் தாங்கும். பிருந்தன் தன்னை அந்தப் பக்க வளையத்தில் கட்டியிருந்தார்.

“இதிலையோ கட்டுறனீங்கள்?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஓம்.” குரலும் மெதுவாகத்தான் வந்தது. கண் போனுக்குப் போய் வந்தது. “நான்… எப்பவும் இதிலைதான். ஏழு வருசமா.”

“முன்னுக்குக் கட்டினால்…”

“என்னவாம்?” என்றது ரொக்ஸ்பரோ. “ஏன் நிக்கினம்? சிக்னல் நிண்டுபோச்சோ?”

“நிருஷா, தம்பியைக் குழப்பாதை!” என்றார் அம்மா. “அவருக்குத் தெரியும்.”

பிருந்தன் பாறைப்பக்கம் திரும்பி இரண்டு கையையும் அதில் வைத்தார். பாறைக்கும் அவருக்கும் இடையில் இனி ஒரு சொல்தான் இருந்தது.

“சரியா?” என்றார்.

நான் சொல்லவில்லை.

இரண்டாவது விதி. கீழே நிற்பவர் சொல்லும்வரை கால் நிலத்திலிருந்து எழும்பக்கூடாது. அவருக்கு அந்த விதி தெரிந்திருந்தது. எந்த வீடியோவிலோ பார்த்திருக்கிறார். ஆகவே காத்து நின்றார்.

“சரியா, நிருஷா?”

பக்க வளையம் எவ்வளவு தாங்கும் என்று வாசித்த இலக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. அவருடைய நிறையும் ஞாபகம் வந்தது. குறிப்பில் இருந்தது, எழுபத்துநாலு. அம்மா போட்டதுபோல அவருடைய அம்மாவும் இரண்டு கிலோ கூட்டியோ குறைத்தோ போட்டிருக்கலாம். இந்தக் கணக்கில் அது வித்தியாசமில்லை.

உங்களுக்கு ஏறத் தெரியாது என்று நான் சொல்லலாம். சரியாகத்தான் இருக்கும். மூன்று முறை சோதித்த முடிவு. ஆனால் அந்தச் சோபாவில் அவருடைய அம்மா இருக்கிறார், என் வீட்டார் இருக்கிறார்கள், பதினாலு கலியாணம் பேசிய மாமா இருக்கிறார். பிருந்தன் இல்லையென்று சாதிப்பார். சாதித்துக்கொண்டே ஏறிவிடுவார். வெட்கத்தில் மனிசர் எதிலும் ஏறுவார்கள். இரண்டு நாளாக நானே விரலைக் கட்டிக்கொண்டு திரிகிறேன்.

இன்னொன்று சொல்லலாம். அதைச் சொன்னால் அவர் பாறையை விட்டு விலகித்தான் ஆகவேண்டும். கயிறு பிடிக்கிறவளுக்குத் தெரியாதென்றால் எந்த ஏழு வருடக்காரனும் ஏறமாட்டான். அவருடைய குறிப்பில் ஒரு எழுத்தும் அழியாது. அழிவது என்னுடையது. அதோடு அறுபத்தொன்றும், வெந்நீர்ப் போத்தலும், கை நீட்டிவிட்டு மடக்கிக்கொள்ளும் அந்தப் பழக்கமும் லவாலுக்குப் போய்விடும்.

மேற்சட்டைப் பையைத் தடவினேன். என் படம் ஒட்டிய அட்டை அதற்குள் இருந்தது. அந்தப் பாலைவனத்தில் கயிறு பிடிக்கத் தகுதிச் சான்றிதழோடு நின்ற ஒரே தமிழாள் நான்தான் என்று நினைக்கிறேன். மாமா விசாரித்திருந்தார்.

“என்ன, பிள்ளை?” என்றார் மாமா. என் முகத்தில் எதையோ கண்டுவிட்டார். அவருடைய கை மெல்லப் போனை நோக்கிப் போனது. “சிக்னல் சரியில்லை, புஷ்பம், நான் பேந்து எடுக்கிறன்…”

“வேண்டாம் மாமா,” என்றேன். “இருக்கட்டும்.”

“சரியா?” என்று மூன்றாம் முறை கேட்டார் பிருந்தன். திரும்பிப் பார்க்காமல், பாறையைப் பார்த்தே கேட்டார். வலது காலைத் தூக்கி ஒரு சின்ன விளிம்பில் வைத்துவிட்டார்.

நான் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். அதுவரை என் வாயிலிருந்து வந்திராத ஒரு சத்தம் வந்தது. கொலராடோக்காரர்கள் கரண்டியை வைத்துவிட்டு எழும்பினார்கள். ரொக்ஸ்பரோவில் ஆறு பேரும் சோபாவில் நிமிர்ந்தார்கள். மோட் அங்கே இருந்திருந்தால் முதல் முறையே சித்தி தந்திருப்பாள்.

“சரியில்லை! காலை இறக்குங்கோ! எனக்குப் பாறை ஏறத் தெரியாது. நான் ஒருநாளும் ஏறினதில்லை. குறிப்பிலை அதை எழுதினது அம்மா!”